அப்வர்டு கொடுக்கலாமா, கிடைத்த இடத்திலேயே சேர்ந்துவிடலாமா?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாள் அவகாசம் தருகிறார்கள். அதற்குள் ஐந்து விருப்பங்களில் ஒன்றை அழுத்தி உறுதி செய்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன் என்பதால், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "சார், கிடைச்சதை எடுத்துக்கவா, அப்வர்டு போடவா?"

பக்கத்து வீட்டுக்காரர் முதல் பிரவுசிங் சென்டர்காரர் வரை இதற்கு எல்லோரிடமும் பதில் உண்டு. "கையில வந்ததை விடாதே" என்பார் ஒருவர். "அப்வர்டு போட்டா எதுவும் போகாது, சும்மா போட்டு வை" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் அழுத்திவிட்டு, பிறகு அழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஐந்தும் என்னென்ன என்று பார்த்துவிடலாம். 'அக்செப்ட் அண்டு ஜாயின்' என்றால் கிடைத்த இடம் போதும், நேராகக் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறேன் என்று அர்த்தம். 'அக்செப்ட் அண்டு அப்வர்டு' என்றால் கிடைத்த இடம் எனக்கு வேண்டும், ஆனால் கல்லூரி, பிராஞ்ச் என்று நான் கொடுத்த விருப்பப் பட்டியலில் இதற்கு மேலே எழுதியிருப்பதில் ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள். 'டிக்லைன் அண்டு அப்வர்டு' என்றால் இந்த இடம் வேண்டாம், மேலே ஏதாவது கிடைத்தால் மட்டும் சரி, கிடைக்காவிட்டால் அடுத்த ரவுண்டுக்கு வருகிறேன் (ரேங்க் வரிசையில் பிள்ளைகளைப் பிரித்து, ரவுண்டு ரவுண்டாகத்தான் கலந்தாய்வு நடக்கும்). நான்காவது, இந்த இடத்தை விட்டுவிட்டு நேராக அடுத்த ரவுண்டுக்குப் போவது. ஐந்தாவது, கலந்தாய்வை விட்டே வெளியேறுவது. வேறு எங்கோ சேர்ந்துவிட்டவர்களைத் தவிர யாருக்கும் ஐந்தாவது தேவைப்படாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இப்படிக் காத்திருக்கும் வசதியே புதிதுதான். 1997-இல் ஒற்றைச் சாளர முறை வந்த பிறகு பல ஆண்டுகள் கலந்தாய்வு நேரிலேயே நடந்தது. சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக வேண்டும், திரையில் காலியிடங்களைப் பார்க்க வேண்டும், நம் முறை வரும்போது இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வர வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான். 2018-இல் ஆன்லைனுக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்திடம் இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் பொறுப்பு போனது. 2022-இல் வந்த மாற்றம்தான் முக்கியமானது. இடத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் மேலே போகக் காத்திருப்பவர்களுக்குப் போகும். அதுவரை முன்னணி ரேங்க் வாங்கியவர்கள் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு எம்.பி.பி.எஸ். பக்கம் போவதும், நல்ல கல்லூரியில் அந்த இடம் காலியாகவே கிடப்பதும் நடந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடங்கள்தான் அப்வர்டாக வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அங்கே பல கல்லூரிகளில் அந்தப் பட்டியலுக்கு வரிசை எண்ணே கிடையாது. மாணவர் கடிதம் எழுதித் தன் ஆர்வத்தைச் சொல்வார், கல்லூரி தனக்குத் தேவையானவர்களை எடுத்துக்கொள்ளும். நம் கலந்தாய்வில் அப்படி எதுவும் இல்லை. ரேங்க், சமூகப் பிரிவு, நீங்கள் கொடுத்த விருப்ப வரிசை, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. "அப்வர்டு வாங்கித் தரேன், ஆள் இருக்கு" என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, ஜாயினா அப்வர்டா?

கணக்காகப் பார்த்தால், 'அக்செப்ட் அண்டு அப்வர்டு' கொடுப்பதால் கையில் இருக்கும் இடம் போகாது. மேலே எதுவும் காலியாகவில்லை என்றால் இதே இடம் உறுதியாகிவிடும். மேலே கிடைத்தால், நீங்களே "இதைவிட அது மேல்" என்று எழுதிக் கொடுத்த இடம் கிடைக்கும். அப்படியானால் எல்லோரும் அப்வர்டுதானே போட வேண்டும்? பட்டியல் உண்மையாக இருந்தால், ஆமாம்.

சிக்கலே அந்தப் பட்டியலில்தான். மேலே ஒரு இடம் காலியாகி அது உங்களுக்கு வந்துவிட்டால், "போகட்டுமா?" என்று யாரும் கேட்பதில்லை. தானாகவே மாற்றிவிடுவார்கள். பழைய இடம் அந்த நொடியே உங்கள் பின்னால் காத்திருப்பவருக்குப் போய்விடும். மாற்றியது பிடிக்கவில்லை என்று திரும்பி வர வழி கிடையாது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா, கடையைச் சாத்திவிட்டு ஒரு ராத்திரி மகளோடு வீட்டுக்கு வந்தார். கையில் சாய்ஸ் பட்டியலின் பிரிண்ட் அவுட். எட்டாவது விருப்பமாகக் கொடுத்திருந்த, கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியின் கணினி அறிவியல் இடம் கிடைத்திருந்தது. அதற்கு மேலே ஏழு வரிகள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இது வந்தா கோயமுத்தூர் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுட்டுப் போவியாம்மா?" என்று கேட்டேன். முதல் ஐந்தும் கிண்டியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் கணினி, ஐ.டி., இ.சி.இ. யோசிக்காமல் "போவேன் சார்" என்றாள். ஆறாவது வரி கிண்டியில் மைனிங். பதில் வரவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "கிண்டின்னு பேருக்காக நான்தான் போடச் சொன்னேன்" என்றார் அவர். ஏழாவது கிண்டியில் பிரிண்டிங், அதுவும் அப்படித்தான் வந்திருந்தது.

அப்புறம் முந்தைய ஆண்டில் ஒவ்வொரு இடமும் எந்தக் கட் ஆஃபில் (கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்ட எண்) முடிந்தது என்ற பட்டியலை எடுத்து வைத்தோம். முதல் ஐந்தும் அவளுடைய கட் ஆஃபுக்கு எட்டாத உயரத்தில் முடிந்திருந்தன. பத்துப் பேர் விலகினால்கூட அவள் வரைக்கும் வரப் போவதில்லை. அவளுடைய எண்ணுக்குக் கொஞ்சம் மேலே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது அந்த ஆறாவதும் ஏழாவதும்தான். அதாவது அப்வர்டு போட்டால் ஏதாவது நடக்குமென்றால், நடக்கக்கூடியது அவள் விரும்பாத மாற்றம் மட்டும்தான். மைனிங் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பிப் படித்து நெய்வேலியிலும் கோல் இந்தியாவிலும் நல்ல வேலையில் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது கோடிங். ஜாயின் கொடுத்தாள்.

இதே வேலையை நீங்களும் வீட்டில் செய்யலாம். கிடைத்த இடத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் பிள்ளையிடம் கேளுங்கள். அம்மா அப்பா பதில் சொல்லக் கூடாது. எல்லா வரிக்கும் "போவேன்" என்று வந்தால் அப்வர்டு கொடுங்கள், தயங்கவே வேண்டாம். ஒரே ஒரு வரிக்குத் தயக்கம் வந்தாலும், அந்த வரிக்கு முந்தைய ஆண்டு எந்தக் கட் ஆஃபில் இடம் முடிந்தது என்று பாருங்கள். உங்கள் எண்ணுக்கு அருகில் இருந்தால் ஜாயின்தான் பாதுகாப்பு. பொதுப் பிரிவின் கட் ஆஃபைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இங்கே 69 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஒவ்வொரு பிரிவிலும் இடம் முடியும் எண் வேறு வேறு. காலியாகும் இடமும் அது எந்தப் பிரிவுக்குரியதோ அந்தப் பிரிவுக்குத்தான் போகும். உங்கள் சமூக ரேங்க்கை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கலந்தாய்வான ஜோசாவில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீஸ், ஃப்ளோட் இரண்டும் நம் ஜாயின், அப்வர்டு போலத்தான். மூன்றாவதாக ஸ்லைடு என்று ஒன்று உண்டு. கல்லூரி மாறாமல், அதே கல்லூரிக்குள் மேலான பிரிவு கிடைத்தால் மட்டும் மாற்று என்று சொல்லலாம். நம்முடைய முறையில் அது இல்லை. மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் "சரி" சொல்ல முடியும். "எனக்கு இந்தக் காலேஜ்தான் வேணும், பிராஞ்ச் மட்டும் மாறினா போதும்" என்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் போடும்போதே அந்தக் கல்லூரியின் பிரிவுகளை அடுத்தடுத்து எழுதி, நடுவில் வேறு கல்லூரி வராமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு ரவுண்டில் பட்டியலைப் பூட்டிய பிறகு வரிசையை மாற்ற முடியாது.

வேண்டாம் என்று சொல்வது யாருக்கு?

'டிக்லைன் அண்டு அப்வர்டு' பலரையும் ஈர்க்கிறது. தைரியமாக வேண்டாம் என்று சொன்னால் மேலே கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். கூடாது. அக்செப்ட் சொன்னவரும் டிக்லைன் சொன்னவரும் ஒரே ரேங்க் வரிசையில்தான் நிற்கிறார்கள். மேலே கிடைக்கும் வாய்ப்பு இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றே. வித்தியாசம் கிடைக்காமல் போகும்போதுதான். ஒருவருக்குக் கையில் இடம் இருக்கும். மற்றவர் அடுத்த ரவுண்டில் நிற்பார்.

அந்த அடுத்த ரவுண்டில் என்ன இருக்கும்? முதல் ரவுண்டில் எல்லோரும் எடுத்தது போக மீதி இருப்பவை. அந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாமே முதல் ரவுண்டில் நீங்கள் எழுதியிருந்தாலே உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியவை. ஆகவே அடுத்த ரவுண்டால் ஆதாயம் யாருக்கு என்றால், முதல் பட்டியலைச் சரியாகப் போடாதவர்களுக்கு. பத்துக் கல்லூரி மட்டும் எழுதிவிட்டு, தெரியாமல் கடைசியில் போட்ட ஒன்று விழுந்தவர்கள், ஊர்ப் பக்கத்தில் இருக்கும் நல்ல அரசுக் கல்லூரியை எழுத மறந்தவர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணைத் தப்பாகப் போட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் டிக்லைன் ஒரு நல்ல மறுவாய்ப்பு. இன்னும் எவை காலியாக இருக்கின்றன என்ற பட்டியலை இணையத்தில் பார்த்து, நாம் விரும்பும் இடம் அதில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். "அடுத்த ரவுண்டுல ஏதாவது நல்லதா வரும்" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து நல்ல இடத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் ரவுண்டில் வந்தவர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

இன்னொரு சூழ்நிலையும் உண்டு. கிடைத்த இடத்தில் எந்த நிலையிலும் சேரப் போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், அக்செப்ட் சொல்லி வைக்காமல் டிக்லைன் சொல்லிவிடுவதுதான் நியாயம். உங்களுக்குப் பயன்படாத அந்த இடம் இன்னொரு பிள்ளைக்கு ஆயுள் முழுக்க உதவக்கூடும்.

காலியிடங்கள் எங்கிருந்து வருகின்றன?

அப்வர்டு நகருமா என்பதைக் கணிக்க, யார் விலகுவார்கள் என்று யோசிக்க வேண்டும். நீட் எழுதியிருப்பவர்கள், திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்குக் காத்திருப்பவர்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே பணம் கட்டி வைத்திருப்பவர்கள், இந்த மூன்று கூட்டமும்தான் பெரும்பாலும் விலகுகிறது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால், நம் முன்னணி ரேங்க்காரர்களில் ஒரு பகுதி அங்கே போய்விடுவார்கள். இவர்களெல்லாம் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள். அவர்கள் விலகும்போது கிண்டி, எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று முன்னணி இடங்களில் சங்கிலியாக நகர்வு நடக்கும். அதன் அலை முதல் ரவுண்டில் இருப்பவர்களைத்தான் அதிகம் தொடும். நடுத்தரக் கட் ஆஃபில் இருப்பவர்களுக்கு நகர்வு வேறு காரணத்தால் வரும்: வெளியூர் வேண்டாம் என்று கடைசி நேரத்தில் ஊரிலேயே மேனேஜ்மென்ட் சீட் வாங்கியவர்கள், கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்தவர்கள்.

இதில் தேதிகள் மிகவும் முக்கியம். மருத்துவக் கலந்தாய்வு நம் முதல் ரவுண்டுக்கு முன்னால் முடிந்தால், விலக வேண்டியவர்கள் குறித்த நாளுக்குள்ளேயே விலகி இடம் உங்களுக்கு வரும். அது தாமதமானால், அவர்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் விலகுவார்கள். அப்போது காலியாகும் இடம் உங்கள் அப்வர்டுக்கு வராது. எனவே இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காத்திருப்பதன் செலவு

அப்வர்டு கொடுத்தவர்கள் உடனே கல்லூரிக்குப் போகாமல் கலந்தாய்வுக்கான சேவை மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு இறுதி ஒதுக்கீடு வந்ததும் எந்தக் கல்லூரியோ அங்கே போய்ச் சேர வேண்டும். பணம் கட்டாமல் விட்டால் கையில் இருக்கும் இடம், அப்வர்டு இரண்டும் போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் சிலர் "அப்வர்டு வந்தப்புறம் கட்டிக்கலாம்" என்று இருந்து இடத்தை இழக்கிறார்கள். அறுவடைக்கு முந்தைய மாதம், கையில் காசு இல்லாத வீடுகளில் இந்தத் தொகையை முன்கூட்டியே புரட்டி வைக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் அவகாசத்தில் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று விடுதி. நல்ல கல்லூரிகளில் விடுதி இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கடைசியில் போய்ச் சேர்பவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வெளியே தங்க வேண்டி வரலாம். மேலே உள்ள விருப்பங்கள் வெளியூரில் இருந்தால், அந்த விடுதி அலுவலகத்துக்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரு மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு அப்வர்டையும் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வசதி இருப்பவர்கள் செய்கிறார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி, குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு மேலே போனால் போவதற்குப் பலன் என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 200-க்கு ஒன்றிரண்டு கட் ஆஃப் வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு சுயநிதிக் கல்லூரிகளுக்கு நடுவே, ஒரே பிரிவுக்காக, அலைந்து திரிந்து மாறுவதில் பெரிய பயன் இல்லை. சுயநிதிக் கல்லூரியில் இருந்து அரசுக் கல்லூரிக்கோ அண்ணா பல்கலைக்கழகத் துறைக்கோ மாற வாய்ப்பிருந்தால் கண்டிப்பாகக் காத்திருங்கள். நான்கு ஆண்டுக் கட்டண வித்தியாசமே ஒரு சாதாரணக் குடும்பத்தின் கடனைப் பாதியாக்கிவிடும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்பதால் அவர்கள் பணத்தைப் பார்க்க வேண்டாம், கல்லூரியின் தரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம். அவர்களில் பலர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே சுமாரான இடத்தில் ஜாயின் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவர்களை மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த இடமுமே கிடைக்காமல் போனவர்களுக்கும் திரையில் அப்வர்டு, அடுத்த ரவுண்டு என்று விருப்பங்கள் வரும். அவர்கள் அப்வர்டு கொடுப்பதால் இழக்க எதுவும் இல்லை. அது நடக்கும் நாட்களிலேயே அடுத்த ரவுண்டுக்கான புதிய பட்டியலை எழுதத் தொடங்கிவிடுங்கள். இந்த முறை ஐம்பது, நூறு வரிகள் எழுதினாலும் தப்பில்லை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். விருப்பத்தை அழுத்தியதும் வரும் உறுதிப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். கட்டணம் கட்டிய ரசீதைப் பிள்ளையின் போனில் ஒன்றும் அப்பாவின் போனில் ஒன்றுமாக வைத்திருங்கள். பதிவு செய்த அந்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்பதால், கலந்தாய்வு முடியும் வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள்.